வாயை மூடிய முகமூடி

அத்தியாயம் 17

"இந்தக் கரகரப்பை எப்படி சார் கொண்டு வந்தீங்க? பிரமாதம்!" என்று படக் கம்பெனியிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். "பயிற்சி" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பியிருந்தார் அப்பா.

பயிற்சியாவது, மண்ணாங்கட்டியாவது! அவர் தொண்டைக்குள் என்ன வளர்ந்து கிடக்கிறது என்பது போன வாரமே நமக்குத் தெரிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடப் போகிறார்கள். அதற்கப்புறம் மூச்சு வரும், போகும், குரல் வராது. இது தெரிந்தவர்கள் நாலே பேர். டாக்டர், அப்பா, மகள், மகன்.

இன்றைக்கு வியாழன்.

இருபத்திரண்டு வருடமாக, கடல் கடந்து வரும் வானத்துக்காரன் படங்களிலெல்லாம், பறந்து வந்து காப்பாற்றும் அந்த நாயகனுக்கு நம் மொழியில் குரல் கொடுத்தவர் அப்பா. டப்பிங் தியேட்டரில் அவருக்குக் 'கணீர்' என்று பெயர். டீ கொண்டு வருபவர்கூட "கணீர் அண்ணனுக்குச் சர்க்கரை கம்மி" என்றுதான் சொல்வார். மகள் அந்தப் படங்களுக்கு வசனம் எழுதுகிறவள். கூடவே நின்று குரல் பதிவையும் நடத்துகிறவள். மகன் அதே தியேட்டரில் ஒலிப்பதிவாளர். ஒரே குடும்பம், ஒரே வேலை, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால், மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. எட்டாவது படம். எல்லா வசனமும் முடிந்தாயிற்று. ஒரே ஒரு வரி பாக்கி. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

அந்த வரியைச் சொல்லமாட்டேன் என்று காலை பத்து மணியிலிருந்து அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

பழைய படங்களில் வானத்துக்காரனின் முகமூடி மூக்கோடு நின்றுவிடும். வாய் தெரியும். விழப்போகிறவர்களைத் தாங்கிப் பிடித்து, "கண்ணைத் திற. வந்துட்டேன்" என்பான், சிரிப்பான். ஊரில் அந்த வரியைச் சொல்லாத குழந்தை கிடையாது. புதுப் படத்தில் உச்சந்தலையிலிருந்து தாடை வரை கருப்பு முகமூடி. சிரிக்கிறானா, பல்லைக் கடிக்கிறானா என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. படம் முழுக்க மழை. பறப்பதைவிடச் சேற்றில் நடப்பதுதான் அதிகம்.

பாக்கியிருக்கும் காட்சி இதுதான். இடிந்த கட்டடம். கற்களுக்கு அடியில் ஒரு சிறுமி. அவளை இழுத்தால் மேல்தளம் சரிந்து, அந்தப் பக்கம் சிக்கியிருக்கும் நாற்பது பேரும் நசுங்கிப் போவார்கள். "யாராவது வருவாங்களா?" என்று சிறுமி கேட்கிறாள். வானத்துக்காரன் குனிந்து பார்த்து, "யாரும் வரமாட்டாங்க" என்கிறான். எழுந்து, திரும்பி நடக்கிறான்.

"'கண்ணைத் திற. வந்துட்டேன்'னு வெச்சுக்கலாம்" என்றார் அப்பா, மைக்கில். "நீ எழுதினது மூணு நொடி. இதுவும் மூணு நொடி. அளந்து பாத்துட்டேன். வாய்தான் தெரியலையே, யாரு கண்டுபிடிக்கப் போறா?"

மகள் பேசும் பொத்தானை அழுத்தினாள். அதை அழுத்தினால்தான் இந்தப் பக்கத்துப் பேச்சு அவர் காதுக்குப் போகும்.

"வாய் தெரியலைப்பா. முதுகு தெரியுதே. 'வந்துட்டேன்'னு சொல்லிட்டு எவனாவது திரும்பி நடப்பானா?"

"அக்கா, வேணும்னா 'வந்துட்டேன், வண்டியை ஓரமா நிறுத்திட்டு வர்றேன்'னு எழுதிடலாமா?" என்றான் தம்பி.

யாரும் சிரிக்கவில்லை. தம்பியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அழுகை வருகிற இடத்திலெல்லாம் அவனுக்கு ஜோக் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"குழந்தைங்க பாக்கற படம்மா இது."

"குழந்தைங்களைத்தான்ப்பா முதல்ல ஏமாத்தக் கூடாது."

அப்பா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இனிமேல் தலைகீழாக நின்றாலும் அவர் காதில் எதுவும் விழாது.

பகல் ஒரு மணிக்கு, தாழ்வாரத்தில் தம்பி அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதே. திங்கட்கிழமைக்கு அப்புறம் அந்தக் குரல் கிடையாது. அதுலேர்ந்து வர்ற கடைசி வரி 'யாரும் வரமாட்டாங்க'ன்னா இருக்கணும்?"

"கதை அப்படித்தானே இருக்கு."

"கதை கெடக்கட்டும். படம் பாக்கறவன் முகமூடியைத் தூக்கிப் பாத்தா சொல்லப் போறான்? ஒரு கிழவனுக்காக ஒரு வரியை மாத்தினா உன் பேனா உடைஞ்சு போயிடுமா?"

"நாப்பது பேரைக் காப்பாத்தறதுக்காக ஒரு பொண்ணை விட்டுட்டுப் போறான்டா. அது அவனுக்கு எவ்வளவு வலிக்குதுங்கறதுதான் படமே. அங்க போய் இனிப்பைத் தடவச் சொல்றியா? அந்தப் பழைய படமெல்லாம் பொய். யாரும் வானத்துலேர்ந்து வந்து தாங்கிப் பிடிக்கமாட்டாங்க. இந்தப் படம் இருட்டா இருக்கு, சரி. ஆனா ஏமாத்தலை."

"நீ படத்தைப் பத்தி மட்டும் பேசறதாத் தெரியலை" என்றான் தம்பி.

சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவனுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்கு அவன் மூன்று வயதுக் குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பச்சை பெஞ்சு. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா. முதல் வானத்துக்காரன் படம் வெளிவந்து ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் குரலில், அந்தப் படத்துக் குரலிலேயே சொன்னார்: "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

அவள் நம்பினாள். வானத்துக்காரனே சொன்ன பிறகு நம்பாமல் என்ன செய்வாள்? ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். பள்ளிக்கூடம் போனாள். அம்மா வீட்டுக்கு வருவது போலப் படம் வரைந்து வைத்தாள். ஏழாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு நிறைய ஆட்கள். யாரோ அவள் கையிலிருந்து புத்தகப் பையை வாங்கிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குரலில் ஒரே ஒரு உண்மையைக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருக்கிறாள். எட்டாவது படம் வரை காத்திருந்திருக்கிறாள் என்றால் பாருங்களேன், என்ன வைராக்கியம்!

மூன்றரை மணிக்குக் கொஞ்சம் பின்னால் தியேட்டர் கதவு திறந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் காக்கிச் சீருடையில் ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பையோ காகிதமோ எதுவும் இல்லை.

"இங்க... வானத்துக்காரனா போன்ல பேசறவர் யாரு?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறேழு வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் அப்பாவுக்குப் போன் செய்வாள். ஊசிக்குப் பயந்து அலறுகிற குழந்தையின் காதில் போனை வைப்பாள். அப்பா அந்தக் குரலில் பேசுவார். "ஜன்னலைப் பாரு. கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இரு. அந்தப் பக்கமாத்தான் வருவேன்." குழந்தை ஜன்னலைப் பார்க்கும். அதற்குள் ஊசி போட்டு முடிந்துவிடும். சின்னத் தந்திரம்தான். பாதிக் குழந்தைகள் வலித்ததையே மறந்துவிடும் என்று நர்ஸ் சொல்வாள்.

போன வாரம் பேசியவள், அப்பா 'ஓட்டைப்பல்' என்று கூப்பிடும் ஒரு பொடிசு. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்ததால் அவளுக்கு 'ஸ்' வராது. இந்த வாரம் திங்கட்கிழமை அவள் இறந்துவிட்டதாக நர்ஸ் தகவல் சொன்னாள். "அந்தக் குழந்தை போயிட்டா" என்று மட்டும் வீட்டில் சொன்ன அப்பா, அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு அப்பா வெளியே வந்தார். அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒடிசலான உடம்பு, நரைத்த புருவம், கழுத்தில் மப்ளர். அவள் வேறு யாரையோ எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும்.

"நான்தான்மா" என்றார் அப்பா.

"நான் ஓட்டைப்பல்லோட அம்மா."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அடுத்த வண்டி எடுக்க இருபது நிமிஷம்தான் இருக்கு. நான் சண்டை போட வரலை, பயப்படாதீங்க" என்றாள். பிறகு, எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள் போல, நிறுத்தாமல் பேசினாள்.

"திங்கக்கிழமை காலைல டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனிமே கையில எதுவும் இல்லைன்னுட்டார். அவளைக் கூடவே இருந்து பாத்துக்கோங்கன்னார். நாலு மணி நேரம் இருந்தா. அந்த நாலு மணி நேரமும் ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா சார். 'அம்மாவைப் பாருடி'ன்னேன். 'இரும்மா, அவர் வர்ற நேரம், கண்ணை எடுத்தா வந்துட்டுப் போயிடுவார்'னா. முகத்தை இப்படித் திருப்பினேன். என் கையைத் தள்ளிவிட்டுட்டுத் திரும்பவும் ஜன்னலைப் பாத்தா."

அப்பாவின் கை மப்ளரைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படவே இல்லை. அந்த வார்டுல மத்தக் குழந்தைங்க எப்படி அலறும்னு எனக்குத் தெரியும். இவ துளிக்கூடப் பயப்படலை. அதுக்கு உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் தகும்." அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா என்னைப் பாக்கலை சார். கடைசி வரைக்கும் என்னைப் பாக்கவே இல்லை."

கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தவள், திரும்பி நின்றாள்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறதா, கன்னத்துல ஒண்ணு வைக்கறதான்னு மூணு நாளா யோசிக்கறேன். ரெண்டும் வர மாட்டேங்குது. அதான், நேர்ல சொல்லிட்டாவது போயிடலாம்னு வந்தேன்."

"ஊசி வலிக்கக் கூடாதேன்னுதான்மா..." அப்பாவால் முடிக்க முடியவில்லை. நோய் பாதி, மீதி நோய் இல்லை.

"தெரியும் சார். நர்ஸம்மா சொன்னாங்க" என்றாள் அவள். சீருடைச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தது போலவே போய்விட்டாள். கீழே தெருவில் அவள் நடந்து போவதை மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம் என்று உறைத்ததும் சட்டென்று விலகிக்கொண்டாள்.

திரும்பினால், அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

"அப்பா, கொஞ்ச நேரம் கழிச்சு..." என்று பொத்தானை அழுத்தினாள் மகள்.

"ஓட்டு" என்றார் தம்பியைப் பார்த்து.

திரையில் மழை. இடிந்த கட்டடம். சிறுமி கேட்கிறாள். கருப்பு முகமூடி குனிகிறது.

"யாரும் வரமாட்டாங்க."

ஒரே டேக். மூன்று நொடி. குரலில் கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. தன் வீட்டுச் சாவுச் செய்தியைத் தானே அடுத்தவருக்குச் சொல்கிற மனிதனின் குரல். திரையில் அவன் எழுந்து, திரும்பி நடந்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் இதைவிட நன்றாகப் பேசியதில்லை.

தம்பி பதிவை நிறுத்தினான். வழக்கமாக ஏதாவது சொல்வான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கேட்க நினைத்தது கேட்டாயிற்று. அந்தக் குரலில் ஒரு உண்மை. சந்தோஷமாக இருக்க வேண்டாமா? பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணிடம் யாரோ அந்த வரியைச் சொல்லிவிட்டது போல இருந்தது.

"சரியா இருக்கா?" என்றார் அப்பா மைக்கில். "இதைத்தான் உங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். அந்தப் பெஞ்சுல. எனக்குத் தைரியம் இல்லைம்மா. என் குரல்ல சொன்னா நடுங்கும்னு அவன் குரல்ல சொன்னேன். அந்தப் பொம்பளை சொன்ன குழந்தை மாதிரிதான் நீயும். அந்த ஆறு நாளும் நீ உங்கம்மாவைப் பாத்திருக்க வேண்டியவ. நான்தான் உன்னைப் படம் வரைய அனுப்பிட்டேன்."

"அந்த ஆறு நாள் நான் தூங்கினேன்ப்பா" என்றாள் அவள். "அதுக்கப்புறம் எத்தனை வருஷம் தூங்கலை தெரியுமா? அந்த ஆறு நாள்தான்ப்பா எனக்கு மிச்சம். அதையும் பிடுங்கிடாதீங்க."

அப்பா அவளைப் பார்த்தபடியே இருந்தார். ஒன்றும் புரியாதது போல.

"அக்கா, பொத்தானை அழுத்தலை நீ" என்றான் தம்பி மெதுவாக.

அவள் விரல் பொத்தான்மேல் போவதற்குள் இந்தப் பக்கத்து மேஜைமேல் இருந்த அப்பாவின் போன் அடித்தது.

மணி நாலு. வியாழக்கிழமை.

தம்பி போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அருகில் போய்த் தூக்கிக் காட்டினான். அப்பா பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மப்ளரை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்பா, குழந்தை காத்துக்கிட்டிருக்கும்" என்றாள் மகள், பொத்தானை அழுத்தி.

மறுபடியும் தலையை ஆட்டினார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து போய், தம்பி கையிலிருந்து அதை வாங்கினாள்.

"ஐயா, புதுசா ஒரு பொண்ணு" என்று மறுமுனையில் நர்ஸ் படபடவென்று பேசினாள். "ஏழு வயசு. முதுகுல போடற ஊசி. உடம்பெல்லாம் உதறுது. அசைஞ்சா வம்பு. நம்ம ஜன்னல் வசனத்தைச் சொல்லிடுங்க. இதோ குடுக்கறேன்."

"ஒரு நிமிஷம்..." என்று இவள் ஆரம்பிப்பதற்குள் சின்ன மூச்சு ஒன்று காதில் இரைத்தது.

"வானத்து மாமாவா?"

"இல்லை கண்ணு. நான் அவருக்கு வசனம் எழுதிக் குடுக்கறவ."

"அவர் வரமாட்டாரா?"

மூன்று நொடி. எழுதி வைத்திருந்த வரி இருந்தது. அப்பாவின் பழைய வரி இருந்தது. ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொன்றைச் சொல்ல மனம் வரவில்லை. காக்கிச் சீருடைக்காரியின் முகம்தான் கண்முன்னால் நின்றது. அந்த முகத்திலிருந்துதான் வார்த்தை வந்தது.

"நீ ஜன்னலைப் பாக்க வேண்டாம்டா. உங்கம்மா பக்கத்துல இருக்காங்கல்ல? அவங்க முகத்தைப் பாரு. கண்ணை எடுக்காம அவங்களையே பாரு. ஊசி போடறதே தெரியாது."

பொய்யும் இல்லை, கொடுமையும் இல்லை. இத்தனை வருடம் தேடிக்கொண்டிருந்த வரி இதுதானே! கண்ணாடியைப் பார்த்தாள். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். இந்த முறை மறக்காமல் தம்பி பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தான். அவள் சொன்னது முழுவதும் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது.

"எனக்கு அம்மா இல்லையே, அக்கா" என்றது குழந்தை. "அப்பா வேலைக்குப் போயிட்டார். நான் யாரைப் பாக்கறது?"